கூடிய நாடும் கூட்டப்பட்ட நாடும்

சென்னையினின்று வடக்கே கூடூர் நோக்கிச் செல்லும் தொடர்வண்டித் தடத்தில் தமிழ்நாட்டின் இறுதி நிலையம் ஆரம்பாக்கம். அதனையடுத்த தடா ஆந்திரத்தது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர் என்பதைத் தமிழ் பயின்றார் அறிவர். நொச்சிக்குப்பம், பாட்டைக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அவ்வேரிக்கரையில் வாழ்கின்றன. அந்நெய்தற் பரப்பின் குறுக்கே இன்று ஓர் எல்லைக்கோடு செல்கின்றது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. நீர்மேல் எழுத்து நில்லாது என்பர். இவ்வேரியின் நீர்மேல் எழுதப்பட்ட எழுத்தோ நின்று ஆள்கின்றது. கோட்டைக் கடந்து வலை வீசினான் என்று மீனவன் தடுக்கப்படுகின்றான். இருகரை மீனவரும் கைகலக்கின்றனர். மீனுக்கு எல்லை தெரியாது. மீன் பிடிப்பவன் தெரிந்தாக வேண்டும்.

இக்கோட்டை வரைந்தவர் யாவர்? எவரைக் கேட்டு வரைந்தனர்? இவ்வினா ஓர் ஏரியைப் பற்றிய வினா மட்டும் அன்று. தனித்தனியே கிடந்த பல நிலப்பகுதிகள் ஒரு நாடாக ஆனது எங்ஙனம் என்னும் பெருவினாவின் சிறு கிளையே அது. நாடுகள் இருவகையாற் பெரிதாகின்றன. தாமே கூடுவன ஒருவகை. பிறரால் கூட்டப்படுவன மற்றொரு வகை. பெயரளவில் இரண்டும் ‘கூட்டாட்சி’ எனப்படலாம். உள்ளீட்டில் இரண்டும் ஒன்றல்ல.

வெள்ளையரின் குடியேற்றங்கள் தமிழகத்தில் வேரூன்றிய வரலாற்றை அறியப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்குப் போர்த்துக்கீசர் வந்து இறங்கினர். 1610-இல் ஒல்லாந்தர் பண்டகசாலை அமைத்தனர். 1613 அளவில் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். கீழைக்கடற்கரையில் அவர்தம் தலைமையிடமாகவே பழவேற்காடு நெடுங்காலம் விளங்கிற்று. துணியும் பிறவும் ஏற்றிச் சென்ற அவர்தம் கப்பல்களில் மக்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். ஏரியின் வடபால் துர்க்கராயப்பட்டினத்தில் 1626-இல் ஆங்கிலேயர் ஒரு குடியேற்றத்தை நிறுவினர். தமக்கு உதவிய ஆறுமுக முதலியாரின் பெயரையே ‘ஆர்மகான்’ எனச் சிதைத்து அவ்வூர்க்கு இட்டனர் என்பர். அங்கிருந்து பிரான்சிசு டே என்பவர் தெற்கே இடந்தேடி வந்ததன் விளைவே 1639-இல் பெற்ற சென்னைக் கொடைநிலம். தெற்கே 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றவர் தென்மார்க்கு நாட்டினர். 1674 முதல் புதுச்சேரியில் காலூன்றியவர் பிரெஞ்சியர்.

இங்ஙனம் ஒரே கடற்கரையில், ஒரே மொழி வழங்கிய நிலத்தில், பல்வேறு ஐரோப்பியக் கொடிகள் பறந்தன. இவையெல்லாம் பின்னர் ஒன்றானது எவ்வாறு? பழவேற்காடு 1824-இல் ஆங்கிலேயர்க்கும் ஒல்லாந்தர்க்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1825-இல் கைம்மாறிற்று. தரங்கம்பாடி 1845-இல் விலைக்கு விற்கப்பட்டது; வங்கத்துச் சிராம்பூரும் உடன்சேர, 12½ இலக்கம் உருபாவுக்கு விற்பனை முடிந்தது. பாளையக்காரர் நிலங்கள் போரால் வீழ்ந்தன. ஆர்க்காடும் தஞ்சையும் கடனாலும் சூழ்ச்சியாலும் விழுங்கப்பட்டன. தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளர், துளுவர் வாழும் நிலப்பகுதிகள் சென்னை மாகாணம் என்னும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன. கட்டியவன் தன் வரித்தண்டலுக்கும் படைநடத்தத்திற்கும் வாய்ப்பாகக் கட்டினான். மூட்டைக்குள் இருந்தவர்களை ஒருநாளும் கேட்டானில்லை. மாட்டை விற்பவன் மாட்டைக் கேட்பதுண்டோ?

அதே ஆங்கிலப் பேரரசின்கீழ் வேறொரு வகையில் நிகழ்ந்த இணைப்பையும் இதனோடு வைத்து நோக்குதல் வேண்டும். ஆசுத்திரேலியா என இன்று வழங்கும் நாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆறு தனிக் குடியேற்ற நாடுகளாக இருந்தது. நியூ சவுத்து வேல்சு, விக்டோரியா, குயின்சுலாந்து, தென் ஆசுத்திரேலியா, மேற்கு ஆசுத்திரேலியா, தாசுமேனியா என்பன அவை. ஒவ்வொன்றும் தனக்கெனச் சட்டமன்றமும் சுங்கவரியும் உடையதாயிருந்தது. ஒன்றின் பொருள் மற்றொன்றின் எல்லையைக் கடந்தால் வரி செலுத்தவேண்டியிருந்தது. இவை ஒன்றாதல் நன்று என்னும் எண்ணம் எழுந்தபோது பேராளர் கூடினர். அரசியற் சட்டத்தை வரைந்தனர். அதனை மக்கள்முன் வாக்கெடுப்பிற்கு வைத்தனர். தென் ஆசுத்திரேலியாவில் பெண்டிரும் வாக்களித்தனர்.

1898-இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் நியூ சவுத்து வேல்சு மக்களுள் இணைவை விழைந்தோரே மிகுதி. எனினும் 80,000 வாக்குகளேனும் இணைவுக்கு ஆதரவாக விழுதல் வேண்டும் என்பது அங்கு விதிக்கப்பட்ட வரையறை. விழுந்தவை 71,595. ஆகலின் திட்டம் நின்றது. பின்னர் முதலமைச்சர்கள் கூடிப் பேசினர். நாட்டின் தலைநகர் நியூ சவுத்து வேல்சின் நிலத்துள் அமையும். ஆயினும் சிட்னிக்கு நூறு கல் தொலைவுக்குள் அமையாது என உடன்பட்டனர். திருத்திய சட்டத்தை 1899-இல் மீண்டும் வாக்குக்கு வைத்தே இசைவு பெற்றனர். ஐயுற்று விலகி நின்ற மேற்கு ஆசுத்திரேலியா, ஐந்தாண்டு தன் சுங்கவரியைத் தானே தண்டிக்கொள்ளும் உரிமையைப் பெற்று, 1900-இல் மக்கள் வாக்கால் உள்ளே வந்தது. 1891-இல் கூடிய அவையிற் கலந்துகொண்ட நியூசிலாந்து, வேண்டா என்று எண்ணி வெளியே நின்றது. அதனை எவரும் படையனுப்பி இழுத்துவரவில்லை. 1901 சனவரி 1-ஆம் நாள் அவ்வாறும் ஒரு நாடாயின.

அவர்கள் எழுதிக்கொண்ட சட்டத்தில் இரண்டு செய்திகள் தமிழர் கருத்தூன்றத் தக்கவை. சிறு நாடான தாசுமேனியாவும் பெருநாடான நியூ சவுத்து வேல்சும் மேலவையில் ஒத்த எண்ணிக்கையில் உறுப்பினரைப் பெற்றன என்பது ஒன்று. ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றுவதாயின், அம்மாநிலச் சட்டமன்றத்தின் இசைவும் அம்மாநில வாக்காளருட் பெரும்பான்மையோர் ஒப்புதலும் வேண்டும் எனும் 123-ஆம் பிரிவு மற்றொன்று.

ஆசுத்திரேலியரை நடுநிலையாளர் எனப் புகழ்வது நம் நோக்கம் அன்று. அம்மண்ணின் தொல்குடியினரை அவர்கள் கேட்டிலர். மக்கட்டொகையை எண்ணும்போது அத்தொல்குடியினரைச் சேர்த்து எண்ணலாகாது என்றே சட்டத்தில் எழுதினர். அவ்விழிவு 1967-இல்தான் நீக்கப்பட்டது. உடன்பாட்டில் ஒருவரை விட்டுவிட்டால் அது எத்தகைய கொடுமையாகும் என்பதற்கும் அதுவே சான்று. ஆயினும் கூடியவர் தம்முள் இசைவு கேட்டே கூடினர் என்னும் உண்மை அதனால் மறைந்துவிடாது.

இனி இந்தியாவிற்கு வருவோம். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சி ஒன்றை ஏட்டில் எழுதிற்று. சிற்றரசுகள் இணங்காமையால் அப்பகுதி நடைமுறைக்கு வரவே இல்லை. 1946 மே 16-ஆம் நாள் ஆங்கில அமைச்சர் குழு வெளியிட்ட திட்டம், அயலுறவு, படைத்துறை, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் ஒன்றியத்திற்குத் தந்து, எஞ்சியவற்றை மாகாணங்களுக்கே விட்டது. அவ்வாண்டு திசம்பர் 13-இல் சவகர்லால் நேரு அரசியலமைப்பு அவையில் முன்மொழிந்த குறிக்கோள் முடிவிலும், உறுப்பு நாடுகள் தன்னாட்சி உடையனவாகும். எஞ்சிய ஆட்சியுரிமைகள் அவற்றிடமே இருக்கும் என்னும் உறுதி இருந்தது. 1947 சனவரி 22-இல் அது நிறைவேறிற்று. 1947 சூன் திங்களில் நாட்டுப் பிரிவினை முடிவானதும் அவ்வுறுதி கைவிடப்பட்டது. வலுவான நடுவண் அரசே வேண்டும் என்னும் கொள்கை மேலோங்கிற்று. எஞ்சிய ஆட்சியுரிமையும் நடுவண் அரசுக்கே சென்றது.

அவ்வவையைத் தேர்ந்தவர் யாவர்? பெரும்பாலும் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர். அவர்களைத் தேர்ந்தவர் யாவர்? வரி செலுத்தியோரும் உடைமையும் கல்வியும் உடையோருமே. வலைஞனும் உழவனும் பெரும்பாலும் அப்பட்டியலில் இடம்பெற்றிலர். எழுதிமுடித்த சட்டத்தை மாகாண மக்கள்முன் வாக்குக்கு வைத்ததும் இல்லை. குறுநில அரசுகளோ முதற்கண் அம்மூன்று துறைகளை மட்டும் ஒப்படைத்தே இணைவு முறியில் கையெழுத்திட்டன. விரைவில் முழுமையும் கரைக்கப்பட்டன. நம் புதுக்கோட்டை 1948 மார்ச்சு 3-இல் சென்னை மாகாணத்துடன் சேர்க்கப்பட்டது.

இஃது எதிர்ப்பாளர் கட்டிய கதையென எவரும் தள்ளிவிட இயலாது. சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கரே 1948 நவம்பர் 4-இல் இதனை ஒளிவுமறைவின்றி விளக்கினார். இந்தியா கூட்டாட்சியே யாயினும், அஃது உறுப்பு நாடுகள் தமக்குள் உடன்பட்டுச் சேர்ந்ததனால் விளைந்தது அன்று. உடன்பாட்டினால் விளையாமையின் எந்த உறுப்பு நாட்டிற்கும் விலகும் உரிமை இல்லை. அதனாலேயே ‘ஒன்றியம்’ என்னும் சொல் ஆளப்பட்டது என்பது அவர்தம் விளக்கத்தின் சாரம். மற்றவர் மூடிப் பேசியதை அவர் திறந்து பேசினார். நாம் கேட்பதும் அதுவே: உடன்பாட்டினால் விளையாத ஒன்று உடன்பாட்டினால் செம்மைப்படல் வேண்டாவா?

மக்கட் பேராளரைக் கேட்டுச் சேர்த்த இடம் ஒன்று நம் அண்மையிலேயே உண்டு. 1954 அத்தோபர் 18-இல் புதுச்சேரிப் பகுதியின் கீழூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பேராளர் கூடி வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய 170 பேரும் வேண்டாவென 8 பேரும் வாக்களித்தனர். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைம்மாறிற்று. 1962 ஆகத்து 16-இல் சட்டப்படி இணைவு முற்றுப்பெற்றது. அங்ஙனம் தானே விரும்பி வந்த புதுச்சேரிக்கேனும் முழு மாநில உரிமை கிடைத்ததா? இல்லை. இன்றும் அது நடுவணாட்சிப் பகுதியே. விரும்பி வந்தவர்க்கும் விருந்து இல்லை.

கடலுக்கு அப்பால் ஈழத்திலும் இக்கதையே நிகழ்ந்தது. 1619-இல் போர்த்துக்கீசரிடம் வீழும்வரை யாழ்ப்பாணம் தனியரசு. ஆங்கிலேயர் 1833-இல் தமிழர் நிலத்தையும் சிங்களர் நிலத்தையும் ஒரே ஆட்சி நடத்தத்துள் அடைத்தனர். இருவரையும் கேட்டிலர். 1948-இல் வெள்ளையர் வெளியேறியபோது எண்ணிக்கையிற் பெரியவர் கையில் முழு ஆட்சியும் சேர்ந்தது. 1949 முதல் செல்வநாயகம் கூட்டாட்சி கேட்டார். 1957-இல் பண்டாரநாயக்காவுடன் அவர் செய்த உடன்பாடும் மறு ஆண்டிலேயே கிழித்தெறியப்பட்டது. கேளாது கூட்டியதும், கூட்டியபின் உடன்பாட்டைக் கிழித்ததும் எத்துணைக் குருதிக்கு வழிவகுத்தன என்பதை 2009 வரை உலகம் கண்டது. கூட்டாட்சி கேட்பது நாட்டைப் பிளப்பதாகும் என்பார்க்கு ஈழமே விடை. அங்கு நாட்டைப் பிளந்தது கூட்டாட்சி அன்று, கூட்டாட்சி மறுப்பே.

இந்திய அரசியற் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எந்த மாநிலத்தின் எல்லையையும் பரப்பையும் பெயரையும் நாடாளுமன்றம் தன் பெரும்பான்மையால் மாற்றலாம் என்கின்றது. அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டல் வேண்டும், ஏற்றல் வேண்டுவதில்லை. மேலவையிலும் ஒப்பு இல்லை: உத்தரப்பிரதேசத்திற்கு 31 இடம்; தமிழ்நாட்டிற்கு 18; நாகாலாந்திற்கு ஒன்று.

இச்சட்டத்தின் தழும்பு ஆரம்பாக்கத்தின் இருபுறமும் உண்டு. 1953 அத்தோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, பழந்தமிழ் நூல் வடவெல்லையாகக் காட்டும் வேங்கடமும் அதனைச் சூழ்ந்த தமிழூர்களும் அப்பால் சென்றன. ம.பொ.சிவஞானமும் தமிழாசிரியர் மங்கலங்கிழாரும் பிறரும் வடவெல்லைப் போராட்டத்தை நடத்தினர். படாசுகர் என்பாரின் நடுவாண்மையை இருமாநில அரசுகளும் ஏற்றன. அதன் பயனாக 1960 ஏப்பிரல் 1-இல் திருத்தணி மீண்டது. ஈடாகத் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் ஊர்கள் சில ஆந்திரத்திற்குச் சென்றன. திருப்பதி மீளவில்லை. குறை பலவுடைய தீர்வே ஆயினும், இரு மாநிலங்களும் எதிரெதிர் அமர்ந்து பேசிக் கண்ட தீர்வு அது. அதனாலேயே அறுபது ஆண்டு கடந்தும் அது நிலைத்துள்ளது.

அதே எல்லைக்கு அப்பால் 2014-இல் நடந்தது என்ன? ஆந்திரத்தைப் பிரிக்கும் சட்ட வரைவை அம்மாநிலச் சட்டமன்றம் சனவரி 30-இல் ஏற்க மறுத்தது. மறுத்த பின்னரும் நாடாளுமன்றம் பிப்பிரவரியில் அதனை நிறைவேற்றிற்று. சூன் 2-இல் தெலுங்கானா தோன்றிற்று. தெலுங்கானா மக்களின் வேட்கை முறையானதே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் அம்மன்றத்தின் மறுப்பு ஒரு தாளின் மதிப்பும் பெறவில்லை என்பதை மறத்தலாகாது. 2019-இல் சம்மு-காசுமீர் இன்னும் ஒரு படி கீழே தள்ளப்பட்டது. சட்டமன்றமே கலைக்கப்பட்டிருந்த காலத்தில், ஒரு முழு மாநிலம் இரு நடுவணாட்சிப் பகுதிகளாகக் குறைக்கப்பட்டது. இன்று தெலுங்கனுக்கும் காசுமீரிக்கும் நேர்ந்தது நாளைத் தமிழனுக்கு நேராது என்பதற்குச் சட்டத்தில் எவ்வுறுதியும் இல்லை. அண்டை வீடு எரியும்போது தன் கூரையை நோக்காதவன் அறிவிலி.

கூடி வாழும் முறையைக் கற்கத் தமிழர் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை. பழவேற்காட்டு ஏரியிலேயே அம்முறை உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். உழைப்பும் பாடு, துன்பமும் பாடு, ஏரியில் வலை கட்டும் இடமும் முறையும் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். தலைக்கட்டு எண்ணி, ஊர் கூடி, சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன ஊரார் இன்ன இடத்தில் வலை கட்டுதல் வேண்டும் என வகுத்துக்கொள்கின்றனர். நல்ல இடம் என்றும் ஒருவனுக்கே அமைவதில்லை. தீய இடம் என்றும் ஒருவனையே சேர்வதில்லை. வலிய ஊர் மெலிய ஊரை விழுங்குவதில்லை. ஊர்கள் ஊர்களாகவே இருக்கின்றன. ஏரியோ பொதுவாக இருக்கின்றது. இதுவே கூட்டாட்சியின் உயிர்.

பாட்டிற்கும் குறை உண்டு. உரிமையுடைய குடிகளுக்கே அதிற் பங்கு. ஏரியில் இறங்கி இறாலைக் கையாற் பிடித்து வாழும் இருளர்க்கும், பின்னாளில் ஏரித்தொழிலுக்கு வந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அதில் இடமில்லாமையாற் பூசல்கள் எழுந்தன. ஆசுத்திரேலியத் தொல்குடியினர்க்கு நேர்ந்த குறையே சிறு அளவில் இங்கும் காணப்படுகின்றது. எனவே உடன்பாடு மட்டும் போதாது. அவ்வுடன்பாட்டில் நிலத்திலும் நீரிலும் வாழ்வார் அனைவர்க்கும் வாய் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டிற்கு உரிமை கேட்பவர், தமிழ்நாட்டுள் உரிமையற்றுக் கிடப்பவரை மறந்து கேட்டால், அக்கேள்விக்கு வலு இராது.

இவ்வுரிமைக் குரல் இன்று தோன்றியது அன்று. 1969-இல் அமைத்த இராசமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது. மாநில அரசுகளைக் கலைக்க இடந்தரும் 356-ஆம் பிரிவை நீக்கவேண்டும் என்றது. 1974 ஏப்பிரலில் தமிழகச் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சி முடிவை நிறைவேற்றிற்று. தில்லி செவிசாய்க்கவில்லை. மாறாக, 1976-இன் 42-ஆம் திருத்தத்தால் மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியையும் பொதுப்பட்டியலுக்கு இழுத்துக்கொண்டது. 2025 ஏப்பிரலில் தமிழக அரசு குரியன் சோசப்பு தலைமையில் மீண்டும் ஒரு குழுவை அமைத்தது. குழுக்களின் அறிக்கைகள் நூலகங்களில் உறங்குவதற்காக எழுதப்படுவன அல்ல. மக்கள் அவற்றைக் கையிலெடுத்தாலன்றி அவை விழிக்கமாட்டா.

ஆதலின் தமிழ்நாடு கேட்கவேண்டியவை தெளிவானவை. ஒரு மாநிலத்தின் எல்லையையோ நிலையையோ அதன் சட்டமன்றத்தின் இசைவும் மக்களின் ஒப்பமும் இன்றி மாற்றலாகாது என 3-ஆம் பிரிவு திருத்தப்படல் வேண்டும். எஞ்சிய ஆட்சியுரிமை 1946-இல் உறுதிசொன்னவாறு மாநிலங்களுக்கே மீளல் வேண்டும். கல்வி மாநிலத்திடம் திரும்புதல் வேண்டும். மேலவையில் எல்லா மாநிலங்களும் ஒத்த இடம் பெறுதல் வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கு, தில்லியோ இருமாநிலத் தலைநகரங்களோ மட்டும் முடிவு செய்யாமல், இருகரைக் குப்பங்களின் பேராளரும், ஏரியை நம்பி வாழும் பிற குடிகளும் ஒன்றாக அமர்ந்து வகுக்கும் பொதுப்பாடு ஒன்று அமைதல் வேண்டும். அங்குள்ள தெலுங்கு மீனவனும் நம் பகைவன் அல்லன், அவனும் கேட்கப்படாதவனே.

கேட்டுக் கூடியவர் நிலைப்பர். கேளாது கூட்டப்பட்டவர் கேட்கும் நாள்வரை காத்திருப்பர். தமிழர் காத்திருந்தது போதும். இனிக் கேட்டல் வேண்டும். ஒன்றுபட்டு, ஓங்கிய குரலில், விடை வரும்வரை கேட்டல் வேண்டும்.